தோலும் கம்பளியும்: சென்னை முச்சுருளிலிருந்து அவுஸ்திரேலியக் குருதிச் சோதனை வரை கொலாஜன் ஆய்வின் வரலாறு

தமிழ்நாட்டுத் தச்சர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். அதற்கு வச்சிரம் என்று பெயர். ஐரோப்பிய வேதியியலார் அதே பசைக்கு மூலமான பொருளை, பசை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகக் கொலாஜன் என்றனர். ஒரு பெயர் ஒட்டின் உறுதியைச் சுட்டுகிறது. மற்றது பசை பிறக்கும் இடத்தைச் சுட்டுகிறது. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, குருதிக்குழாய்ச் சுவர் ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்கும் இப்புரதம், பாலூட்டிகளின் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இடம்பெறுகிறது.

இப்புரதம் அளவுமீறிப் படிந்தால் ஈரலும் நுரையீரலும் சிறுநீரகமும் தடித்து இறுகிச் செயலிழக்கின்றன. இதுவே ஃபைப்ரோசிஸ் எனப்படும் நார்த்திசுப் பெருக்கம். அது சிதைந்தால் மூட்டுகள் தேய்கின்றன. முடக்குவாதத்திலும் ஸ்கிளிரோடெர்மாவிலும் சிதைவும் பெருக்கமும் வெவ்வேறு அளவுகளில் நிகழ்கின்றன. குருதியிலோ சிறுநீரிலோ வந்து சேரும் கொலாஜன் துணுக்குகளை அளந்து, உறுப்பைத் திறந்து பாராமலே நோயின் போக்கை அறிய முயலும் உயிர்க்குறிகாட்டி ஆய்வு, இன்று சிட்னி, மெல்பேர்ன் நகரங்களின் மருத்துவ ஆய்வுகூடங்களில் நன்கு வேரூன்றியுள்ளது. இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து தொடங்குவர். ஆனால் துணுக்கு என்றால் எதன் துணுக்கு, அது எங்கே வெட்டப்பட்டது, ஏன் அங்கே வெட்டப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை தந்த அறிவு மருத்துவமனையில் பிறந்ததன்று. சென்னையில் தோல் தொழிலுக்காக எழுந்த நிறுவனத்தின் அண்மையிலும், மெல்பேர்னில் கம்பளித் தொழிலுக்காக எழுந்த ஆய்வுகூடத்திலும் அதன் பெரும்பகுதி உருவாயிற்று. அந்த இரு களங்களையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் பணி.

1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று, கோபாலசமுத்திரம் நா. ராமச்சந்திரன் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்து, பெங்களூரில் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த அவருக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. படிகவியலில் தேர்ந்தவரெனினும் எந்தப் பொருளை ஆராய்வது என்பது முடிவாகாத நிலை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலப் படிகவியலார் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத சிக்கலாகவே உள்ளது என்று எடுத்துரைத்தார். பல்கலைக்கழகத்துக்கு அணித்தே, 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. பதனிடுதல் என்பது அடிப்படையில் கொலாஜன் இழைகளை அழுகாமலும் நீரில் கரையாமலும் நிலைபெறச் செய்யும் வேலை. ஆகவே கொலாஜன் மாதிரிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஏற்றுமதிப் பொருளாதாரத்துக்காகத் தொடங்கிய ஒரு நிறுவனம், தூய அறிவியலின் ஒரு பெருஞ்சிக்கலுக்கு மூலப்பொருள் வழங்கும் பண்டசாலையாயிற்று.

ராமச்சந்திரனும் கேரளத்தவரான கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர் படங்களோடு வேறொரு சான்றையும் சேர்த்து எண்ணினர். எந்த விலங்கின் கொலாஜனை எடுத்துப் பகுத்தாலும் அதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசினாகவே இருந்தது. கிளைசின் அனைத்திலும் சிறியது. பக்கச் சங்கிலி என்று சொல்லத்தக்க ஒன்று அதற்கில்லை. மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வருகிறது என்றும், மூன்று சங்கிலிகள் நெருங்கி அமையும் நடுவிடத்தில் வேறெதற்கும் இடமில்லாததால்தான் அவ்வாறு வருகிறது என்றும் கொண்டால், அந்தப் பங்குக்குப் பொருள் கிடைக்கிறது. 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவர்களது குறிப்பு இந்த முச்சங்கிலி அமைப்பை முன்வைத்தது. அதில் மூன்று சுருள்களும் ஒன்றுக்கொன்று இணையாக நேரே நின்றன. எக்ஸ்-கதிர் அளவீடுகளோடு அது முழுதும் பொருந்தவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமிலங்கள் என்ற கணக்கை ஏறத்தாழ 3.3 எனத் திருத்தியபோது, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று மெல்லச் சுற்றிக் கயிறு போல் முறுக்கேறி நிற்கும் வடிவம் கிடைத்தது. 1955 செப்டம்பரில் வெளியான இத்திருத்தமே இன்று முச்சுருள் என்று அறியப்படுவது.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து கோவன், மெக்கேவின், நோர்த் ஆகியோரும் முச்சங்கிலி முறுக்கை ஏற்றுக்கொண்டு, அதன் உள்விவரங்களில் வேறுபட்ட மாதிரிகளை வெளியிட்டனர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுமீறி நெருங்கி நிற்கின்றன என்பது கேம்பிரிட்ஜின் குற்றச்சாட்டு. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்று சென்னை சொல்ல, ஒன்றே என்று கேம்பிரிட்ஜ் சொன்னது.

தமிழில் இவ்வரலாற்றைத் தொடும் எழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. மேற்குலகம் சென்னையின் பெருமையைப் பறித்தது என்பதும், நோபெல் பரிசு மறுக்கப்பட்டது என்பதும் அவற்றின் பல்லவி. அந்த மனக்குறைக்குக் காரணம் இல்லாமலில்லை. முறுக்குண்ட முச்சங்கிலி வடிவத்தைக் கேம்பிரிட்ஜுக்கும் இலண்டனுக்கும் முன்பே அச்சில் சொன்னவர்கள் சென்னையினர். ஆயினும் ஐதரசன் பிணைப்பைப் பொறுத்தவரை பிற்காலச் சான்றுகள் கேம்பிரிட்ஜின் பக்கமே சாய்ந்தன என்பதையும் உடன் சொல்லாவிட்டால் அது வரலாறாகாது. அதைவிட முக்கியமானது, குற்றச்சாட்டை எதிர்கொண்ட விதம். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் கேள்விக்கு ராமச்சந்திரன் வாதத்தால் விடை தேடவில்லை. அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, அணுக்களுக்கிடையே உண்மையில் காணப்படும் தொலைவுகளை அட்டவணைப்படுத்தச் செய்தார். வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் அவரோடு செய்த அந்தக் கணக்கிலிருந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்று காட்டும் வரைபடம் 1963இல் பிறந்தது. உலகெங்கும் புரத அமைப்புகளின் நம்பகத்தன்மையைச் சோதிக்க இன்றும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம், கொலாஜன் பூசலின் பிள்ளை. இரண்டாம் பிணைப்பைப் பற்றியும் அவர் 1968இல் ஆர். சந்திரசேகரனுடன் எழுதிய கட்டுரையில், நேரடியாக அன்றி நீர் மூலக்கூறு ஒன்றின் ஊடாக அது அமையலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இனி மெல்பேர்ன். அவுஸ்திரேலியப் பொருளாதாரம் ஆட்டின் முதுகில் ஏறி வந்தது என்று அந்நாட்டார் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செயற்கை இழைகள் சந்தையில் நுழைந்தபோது அம்முதுகு ஆட்டங்கண்டது. கம்பளி உற்பத்தியாளரிடம் பெற்ற தீர்வையையும் அரசு நிதியையும் கொண்டு, சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் தேசிய ஆராய்ச்சி அமைப்பு கம்பளி ஆய்வுகூடங்களை நிறுவியது. இயற்பியலுக்குச் சிட்னியின் ரைட் பகுதியும், நெசவுத் தொழில்நுட்பத்துக்கு ஜீலோங்கும், உயிர்வேதியியலுக்கு மெல்பேர்னின் பார்க்வில் பகுதியும் இடமாயின. பார்க்வில் கூடமே பின்னர்ப் புரத வேதியியல் பிரிவாக வளர்ந்தது.

அங்கே 1952இல் வந்து சேர்ந்தவர் புரூஸ் ஃபிரேசர். இவர் கிங்ஸ் கல்லூரியில் ஜோன் ராண்டலின் ஆய்வுக்குழுவில் இருந்தவர். டி.என்.ஏ.க்கு மூன்று சங்கிலி கொண்ட மாதிரி ஒன்றை அங்கிருந்தபோதே அமைத்தவர். வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய புகழ்பெற்ற குறிப்பில் அது பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. டி.என்.ஏ.யில் தவறிய மூன்று என்ற எண் கொலாஜனில் பலித்தது என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை. ராண்டலின் கூடத்தில் கொலாஜன் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. ஆகவே ஃபிரேசர் கம்பளிக்காக நியமிக்கப்பட்டாலும் கொலாஜன் அறிவையும் உடன் கொண்டுவந்தார். கம்பளியின் கெராட்டின், பட்டு, இறகு, தசைநாண் ஆகிய நார்ப்புரதங்கள் அனைத்தையும் ஒரே கருவிகளாலும் ஒரே கணக்கு முறையாலும் ஆராய அவரும் டி. பி. மெக்ரேயும் வழிவகுத்தனர். 1973இல் அவர்கள் வெளியிட்ட நார்ப்புரத அமைப்பு நூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. 1979இல் ஈ. சுசுகியுடன் சேர்ந்து அவர்கள் செம்மைப்படுத்திய கொலாஜன் சங்கிலி வடிவம், சென்னையும் கேம்பிரிட்ஜும் கம்பிகளாலும் கைக்கணக்காலும் அமைத்த மாதிரிகளைக் கணினிக் கணக்கின் நுட்பத்துக்குக் கொண்டுவந்தது.

இதற்கு முன்பே கொலாஜன் ஆய்வுக்கு அவுஸ்திரேலியா வேறொரு வகையில் உதவியிருந்தது. எக்ஸ்-கதிர் படம் தெளிவாக விழ வேண்டுமானால் இழைகள் அனைத்தும் ஒரே திசையில் ஒழுங்காகப் படுத்திருக்க வேண்டும். அத்தகைய ஒழுங்கு நிறைந்த கங்காரு வால் தசைநாண், 1950களில் கடல்கடந்த ஆய்வுகூடங்களிலும் விரும்பப்பட்ட மாதிரியாக இருந்தது.

சென்னையின் கிளைசின் விதி மருத்துவத்தில் தன் உண்மையைக் காட்டியதும் மெல்பேர்னில்தான் எனலாம். விக்டோரியா மாநிலத்தில், சிறு அதிர்ச்சியிலும் எலும்பு முறியும் பரம்பரை நோயுடைய குடும்பங்களை ஆராய்ந்த டேவிட் சிலென்ஸ், சென், டேவிட் டேங்க்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, அந்நோயை நான்கு வகைகளாக 1979இல் பிரித்தார். பின்னர்ச் சிட்னியில் பணியாற்றிய சிலென்ஸின் பெயராலேயே அவ்வகைப்பாடு இன்றும் வழங்குகிறது. நோயாளியின் தோற்றத்தையும் மரபுவழியையும் மட்டும் கொண்டு செய்த பிரிப்பு அது. காரணம் பின்னால் வந்தது. மெல்பேர்ன் ரோயல் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த ஜோன் பேட்மன், வில்லியம் கோல் ஆகியோர் குழு 1987இல் வெளியிட்ட கட்டுரை, பிறப்பையொட்டி உயிரைப் பறிக்கும் வகையைச் சேர்ந்த ஒரு குழந்தையின் முதலாம் வகைக் கொலாஜனில், ஒரே ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் இருந்ததைக் காட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஓர் இடப்பிழை, உயிர் தரிக்கவில்லை. நடுவிடத்தில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கிண்டியில் வரைந்த வடிவத்தை, தோல் தொழிலையோ பரிசுகளையோ அறியாத ஒரு பிறவி நோய் மெய்ப்பித்தது.

அமெரிக்காவில் ஜோர்டி பெல்லா, பார்பரா புரோட்ஸ்கி, ஹெலன் பெர்மன் முதலியோர் 1994இல் முச்சுருளை அணுவுக்கு அணு காட்டிய முதல் படிக அமைப்பை வெளியிட்டபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட செயற்கைச் சங்கிலியிலும் நடுவில் ஒரு கிளைசின் மாற்றப்பட்டிருந்தது. அவ்விடத்தில் சுருள் தளர்ந்து நீர் மூலக்கூறுகள் புகுந்திருந்தன. மற்ற இடங்களில் மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடிப் பிணைப்பு ஒன்றே. சுற்றிலும் நீரின் வலை. இரு தரப்பும் சொன்னவற்றில் எது நின்றது, எது திருந்தியது என்பது அங்கே கண்கூடாயிற்று. புரோட்ஸ்கியோடு தொடர்ந்து உழைத்தவர் மெல்பேர்ன் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஜோன் ராம்ஷோ. கிளைசினை அடுத்த இரண்டு இடங்களில் எந்த அமினோ அமிலம் வந்தால் சுருள் எந்த வெப்பநிலை வரை பிரியாது நிற்கும் என்று அவர்கள் அளந்து 2000இல் வெளியிட்ட பட்டியல், இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. தச்சர் பசை காய்ச்சும்போது நிகழ்வதும் அதே பிரிவுதான். வெப்பத்தில் முச்சுருள் அவிழ்ந்து தனிச் சங்கிலிகளாகக் கரைகிறது.

அமைப்பறிவு அளவீட்டுக்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று. கொலாஜனில் மிகுந்தும் மற்றப் பெரும்பாலான புரதங்களில் இல்லாமலும் இருப்பது ஐதரொக்சிபுரோலின். அதைத் திசுக்களிலும் சிறுநீரிலும் அளக்கும் முறையைப் புரோக்கொப், யூடன்ஃபிரண்ட் ஆகியோர் 1960இல் வகுத்தனர். சிறுநீரில் அதன் அளவு உயர்ந்தால் உடலில் எங்கோ கொலாஜன் சிதைகிறது என்று கொள்ளலாம். எங்கே என்று சொல்ல இயலாது. எலும்பா, தோலா, முதல்நாள் உண்ட இறைச்சியின் ஜெலட்டினா என்று பிரித்தறிய வழியில்லை. கொலாஜன் ஒன்றன்று, பல வகைகள் உண்டு என்பது 1969இல் குருத்தெலும்பின் இரண்டாம் வகை கண்டறியப்பட்டது முதல் தெளிவாகத் தொடங்கியது. இன்று அறியப்பட்ட வகைகள் 28. வகை பிரிந்த பின்னரே உறுப்பைக் குறித்துக் கேட்க முடிந்தது.

அடுத்த படி, முச்சுருளின் முனைகளைப் பற்றியது. உயிரணு கொலாஜனை நெய்யும்போது இரு முனைகளிலும் சுருளல்லாத பகுதிகளை வைத்து நெய்கிறது. சங்கிலிகள் ஒன்றுசேர அவை வேண்டும். இழை உருவாகும் தறுவாயில் நொதிகள் அவற்றை வெட்டியெறிகின்றன. வெட்டப்பட்ட முனை குருதியில் சேர்கிறது. ஆகவே முனையை எண்ணினால் புதிதாக நெய்யப்பட்ட கொலாஜனை எண்ணியதாகும். ஈரலில் நார்த்திசு பெருகும்போது மிகும் மூன்றாம் வகைக் கொலாஜனின் முன்முனையைக் குருதியில் அளக்கும் முறையை ரூபர்ட் திம்ப்ல் முதலியோர் 1979இல் வெளியிட்டனர். எலும்பைப் பொறுத்தவரை முதலாம் வகையின் முன்முனை உருவாக்கத்துக்கும், சிதைவின்போது விடுபடும் பின்முனைத் துணுக்கு அழிவுக்கும் பொதுக் குறிகாட்டிகளாக வேண்டும் என 2011இல் பன்னாட்டு அறிக்கையொன்று பரிந்துரைத்தது. அதன் முதல் ஆசிரியர் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் பணியாற்றிய சாமுவேல் வசீகரன்.

ஈரலும் மூட்டும் ஒரே எண்ணில் மோதிக்கொண்ட இடம் மெத்தோட்ரெக்சேட் மருந்து. சொரியாசிஸ் நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் நெடுங்காலம் கொடுக்கப்படும் இம்மருந்து சிலருக்கு ஈரலில் நார்த்திசுவை வளர்க்கும் என்ற அச்சத்தால், ஊசி செலுத்தி ஈரல் துணுக்கை எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. அவ்வூசியைத் தவிர்க்க ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் மூன்றாம் வகை முன்முனையைக் காலமுறைப்படி அளந்தனர். தோல் நோய் மட்டும் உடையவருக்கு அது ஓரளவு உதவியது. மூட்டு வீங்கியவருக்கு, ஈரல் நலமாயிருந்தும் எண் உயர்ந்தது. அழற்சியுற்ற மூட்டுச் சவ்வும் மூன்றாம் வகையை நெய்கிறது. வளரும் பிள்ளைகளின் உடலும் நெய்கிறது. ஈரலுக்கென்று வைத்த அளவுகோல் மூட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிழை அளவீட்டில் இல்லை. அளக்கப்பட்ட பொருள் உடலில் எங்கெங்கே பிறக்கிறது என்பதை மறந்ததில் இருந்தது.

மூட்டுக்கு உரியதைத் தேடியவர்கள் குருத்தெலும்புக்கே பெரிதும் உரிய இரண்டாம் வகையின் பின்முனைத் துணுக்கைச் சிறுநீரில் அளந்தனர். தொடக்கநிலை முடக்குவாதத்தில் இத்துணுக்கு மிகுந்திருந்தவர்களுக்கு எக்ஸ்-கதிர் படத்தில் மூட்டுச் சேதம் விரைந்து கூடியதை, நெதர்லாந்தை மையமாகக் கொண்ட கோப்ரா ஆய்வின் அடிப்படையில் பற்றிக் கார்னெரோ முதலியோர் 2002இல் காட்டினர். சிட்னி ரோயல் நோர்த் ஷோர் மருத்துவமனையைச் சார்ந்த எலும்பு, மூட்டு ஆய்வுகூடத்தில் பீட்டர் கோஷ் முதலியோர் மூட்டுத் தேய்மானத்தை ஆராய ஆட்டின் முழங்கால் பிறைக்குருத்தெலும்பை நீக்கி, குருத்தெலும்பு மாறும் விதத்தைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தனர். கம்பளிக்காக வளர்த்த ஆடு மருத்துவத்துக்கு இரண்டாம் முறையாக உதவிய கதை இது.

மூன்றாம் வகை முன்முனைச் சோதனையின் குறை அண்மைக் காலத்தில் வேறு வழியில் குறைக்கப்பட்டது. பழைய சோதனை முனைப்பகுதியின் எந்தத் துண்டையும் பிடித்தது. சில வேளை முனை வெட்டப்படாமலே இழையில் தங்கி, பின்னர் இழை சிதையும்போது வெளிவரும். அப்போது உருவாக்கமும் அழிவும் ஒரே எண்ணில் கலந்துவிடும். டென்மார்க் ஆய்வாளர் உருவாக்கிய புரோ-சி3 என்னும் சோதனையிலுள்ள எதிர்ப்புரதம், நொதி வெட்டிய இடத்தில் வெளிப்படும் முனையை மட்டுமே அடையாளம் காணும். வெட்டு நிகழ்ந்தால்தான் அது எண்ணும்.

சிட்னி வெஸ்ட்மீட் ஸ்டோர் ஈரல் ஆய்வு மையத்தின் ஜேக்கப் ஜோர்ஜும் டென்மார்க் குழுவினரும் இதைக் கொழுப்பு ஈரல் நோயாளரிடம் சோதித்தனர். 2019இல் அவர்கள் வெளியிட்ட அடாப்ட் என்னும் கணிப்பு முறை, முற்றிய நார்த்திசுப் பெருக்கம் உடையவரை ஊசியின்றி இனங்காண முயல்கிறது. அதில் புரோ-சி3 தனித்து நிற்கவில்லை. நோயாளியின் வயது, நீரிழிவு உண்டா இல்லையா, குருதித் தட்டுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் உடன் சேர்கின்றன. வெட்டு எங்கே விழுந்தது என்பதைத் துணுக்கின் முனை சொல்லும். எந்த உறுப்பில் விழுந்தது என்பதை அது சொல்வதில்லை. வெஸ்ட்மீட்டின் கணிப்பு ஈரல் நோயாளருக்காக வகுக்கப்பட்டது. முடக்குவாதமும் கொழுப்பு ஈரலும் ஒருங்கே உடையவரின் குருதியில் அதே துணுக்கு மூட்டுச் சவ்விலிருந்தும் வந்து சேரக்கூடும்.